ஊர் மீனின் ரத்தம்

சிவக்கவில்லை.

அவள் சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள்.

ஊகூம்.

மீன் ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. ஈயம் என்றால் அதற்கு ஆகவே ஆகாது. உடம்பில் கொஞ்சம் சேர்ந்தாலும் சுருண்டு படுத்துவிடும். நொதி நன்றாக இருந்தால் கடைசி மருந்தை விட்டதும் குழாய் சிவந்து வரும். படுத்துவிட்டால் வெளிறியே கிடக்கும்.

பேட்டரி ஆலை ஓடையில் பிடித்த மீனின் ரத்தம் வெளிறித்தான் கிடந்தது. அது எதிர்பார்த்ததுதான்.

இது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சுத்தமான மீன். அவள் ஊர்க் கழிமுகத்து மடவை. போன வாரம் ஊருக்குப் போனபோது, வலையிலிருந்து துள்ளத் துள்ள வாங்கி, வாலடியில் ஊசி குத்தித் தன் கையாலேயே எடுத்து, கெடாமல் உறைய வைத்துக் கொண்டுவந்த ரத்தம். எந்த ஊர் மீன் சுத்தம் என்று பேராசிரியர் கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு தன் ஊரைச் சொன்னவளும் அவள்தான்.

பிறந்த ஊர்த் தண்ணீரை யாராவது சந்தேகப்படுவார்களா?

மருந்துதான் கெட்டிருக்கும். வேறென்ன!

புதிதாகக் கலந்தாள். விட்டாள். காத்திருந்தாள்.

வெளிறல்தான்.

ஆய்வக உதவியாளர் நஞ்சுண்டன் வந்து எட்டிப் பார்த்தார். மலைப் பக்கத்து ஊர்க்காரர். சுத்த சைவம். மனித ரத்தத்திலும் அதே நொதி உண்டு என்பது அவருக்கும் தெரியும். விரலை நீட்டினார்.

"நம்ம ரத்தத்துல போட்டுப் பாருங்க மேடம். மீன் வாசமே படாத உடம்பு."

குழாய் சிவந்தது. அப்படியொரு சிவப்பு!

அவர் சிரித்தார். அவள் இரண்டு குழாய்களையும் அருகருகே பிடித்துப் பார்த்தாள்.

மருந்தில் குறையே இல்லை.

ஊரில் அவள் தங்கை ரூபாவதி பிள்ளை பெற்றுப் பச்சை உடம்போடு இருக்கிறாள். ஆரம்பத்தில் பால் சரியாகச் சுரக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு கொடுப்பது அங்கே வழக்கம். அந்தச் சமயம் பார்த்து சுறா கிடைக்கவில்லை. வீட்டில் படித்தவள் என்று இவளைக் கேட்டார்கள். கழிமுகத்து மடவையே போதும், பயப்படாமல் தினமும் கொடுங்கள் என்று அடித்துச் சொன்னாள்.

பாவி, நான்தானே சொன்னேன்.

தாய் தின்ற ஈயம் பாலில் இறங்கும். இதையும் அவள் படித்திருக்கிறாள்.

கைபேசியில் ஊர் எண்ணை அழுத்தினாள். தங்கை எடுத்தாள். குரலில் அவ்வளவு பூரிப்பு.

"அக்கா! நீ சொன்னது பலிச்சிடுச்சு. பால் பொங்குதுக்கா. இவன் விட்டாத்தானே! இரு, இந்தப் பக்கம் போட்டுக்கறேன்."

துணி சரசரத்தது. ஒரு சிணுங்கல். பிறகு, மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம்.

அவள் அந்த வெளிறிய குழாயைப் பார்த்தாள்.

"சொல்லுக்கா" என்றாள் தங்கை.