தாடி எடுக்கும் நாள்

“இன்னா தேவராஜா, தாடி லேத்துல மாட்டிக்கினா உசுரே பூடும்,” என்றார் ஃபோர்மேன் ராஜவேலு.

“ஆத்துக்காரி முழுகாம இருக்கா சார். குழந்தை பொறக்கறவரைக்கும் நாங்க சவரம் பண்ணிக்கறதில்லை.”

“போன தீபாவளிக்கும் இதையேதான் சொன்னே. ஆனைக்குக்கூட இந்நேரம் குட்டி பொறந்திருக்கும்.”

காக்களூர் பட்டறையே சிரித்தது. தேவராஜனும் சிரித்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ராஜவேலு ரேசர், சோப்பு, படிகாரம், ஸ்நோ எல்லாம் வாங்கிக்கொண்டு திருவள்ளூரில் அவன் வீட்டுக்கே போய்விட்டார். அங்கே மனைவி கோதைநாயகி அவன் தாடிக்கு எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டிருந்தாள். அவள் வயிறு ஒட்டிக் கிடந்தது.

காபி கலக்க அவள் உள்ளே போனதும் தேவராஜன் குரலைத் தாழ்த்தினான்.

“குழந்தை செத்துதான் சார் பொறந்தது. வருஷம் ஒண்ணாச்சு. அவ நம்ப மாட்டேங்கறா.”

காபியோடு வந்தவள் ராஜவேலு கையிலிருந்த ரேசரைப் பார்த்தாள்.

“நீங்களே சொல்லுங்கோண்ணா. இவர் இப்போ தாடியை எடுத்தா வயித்துல இருக்கறதுக்கு ஆகுமோ?”

ராஜவேலு ரேசரைப் பைக்குள் போட்டார்.

“ஆவாதும்மா. கொயந்த பொறக்கட்டும்.”