வாசிக்காமல் விட்ட வரி

சுவரை உடைத்துக்கொண்டு அரக்கன் பின்பக்கமாகப் பாய்ந்தான்.

அக்கா கட்டைவிரலை மட்டும் அசைத்தாள். டிவியில் அவளுடைய வீராங்கனை சட்டென்று சுழன்று ஒரே வெட்டு. அரக்கன் பொத்தென்று விழுந்தான்.

தம்பி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற அவனே இந்த இடத்தில் எத்தனையோ முறை செத்திருக்கிறான். அக்காவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. காலடிச் சத்தம் எந்தக் காதில் கேட்கிறது என்பதை வைத்தே அரக்கர்களை ஒரு கை பார்த்துவிடுகிறாள்.

சண்டையெல்லாம் அவள் பாடு. நடுநடுவே கதை நின்று, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும். அப்போது மட்டும் திரையில் எழுத்துதான் வரும், குரல் வராது. கன்ட்ரோலரை அவனிடம் நீட்டுவாள். அவன் வரிகளை வாசிப்பான், அவள் ஒன்றைச் சொல்வாள், அவன் அந்த வரிக்குப் போய் அழுத்துவான்.

அந்த ஆட்டத்தின் அழகே அதில்தான் இருந்தது. தேர்ந்தெடுத்த எதையும் அது மறக்காது. முதல் கட்டத்தில் அக்கா மன்னித்து விட்ட திருடன், எப்போதோ ஒரு கட்டத்தில் சிறைக்கதவைத் திறந்துவிட வந்து நின்றான். அன்று அவள் சோபாவிலிருந்து துள்ளிக் குதித்தாள். இதை எழுதியவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

ஆனால் எல்லா வரியையும் அவன் வாசித்ததில்லை.

'திருடனின் கையை வெட்டு.' 'நாயை விட்டுவிட்டு ஓடு.' இப்படி ஏதாவது வந்தால் கண்டும் காணாததுபோல் தாண்டிவிடுவான். அவள் மனசு தாங்காது என்று அவனாகவே முடிவுகட்டியிருந்தான்.

அவளிடம் மறைத்தது இன்னொன்றும் உண்டு. லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு வெளியூரில் பெரிய கம்பெனி ஒன்று வேலை கொடுத்திருந்தது. வெகுகாலமாக ஆசைப்பட்ட வேலை. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். 'வர இயலவில்லை' என்று போனில் அடித்து வைத்துவிட்டான், அனுப்பத்தான் கை வரவில்லை.

நான் போய்விட்டால் அக்காவை யார் பார்த்துக்கொள்வார்கள்? தனியாகப் பஸ் ஏறி ஆபீஸ் போய், பத்து பேரை மேய்த்துவிட்டு வந்து, அவனுக்கும் சேர்த்துச் சமைத்துப்போடுகிறவளைப் பற்றித்தான் இந்தக் கவலை.

கடைசிக் கட்டம் வந்தது.

கடல் நடுவே ஒரு தீவு. வீராங்கனையும் அவள் தம்பியும் கரையில் நிற்கிறார்கள். இருப்பது ஒரே ஒரு சின்னஞ்சிறு படகு. திரையில் மூன்று வரிகள் எழுந்தன.

அவன் முதல் வரியை வாசித்தான். "ரெண்டு பேரும் படகில் ஏறு."

நடுவரியைப் பார்த்தான். வழக்கம்போல் தாண்டினான்.

"ரெண்டு பேரும் தீவிலேயே இரு. அவ்வளவுதான்க்கா."

கன்ட்ரோலருக்காகக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. தானே கீழ்நோக்கித் தட்டினாள்.

டிக்.

இன்னொரு முறை தட்டினாள். டிக்.

மறுபடியும் தட்டினாள். சத்தம் இல்லை.

"ரெண்டே வரின்னா ஒரு டிக்தான்டா கேக்கணும். ரெண்டாவதைப் போடுன்னு சொன்னா, பாதி நேரம் நீ ரெண்டு டிக் தள்ளிப் போய்தான் நிறுத்துற. கையை வெட்டு, காலை வெட்டுன்னு ஏதாச்சும் இருக்கும், நமக்கு எதுக்குன்னு நானும் கேக்காம விட்டேன்."

அவனுக்கு முகமெல்லாம் சுட்டது. இத்தனை நாளும் அவளை நல்லவளாக வைத்திருந்தது தான்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்! அவள் எல்லாம் தெரிந்தேதான் திருடனை விட்டிருக்கிறாள், தெரிந்தேதான் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். இப்படி ஒருத்திக்கா தான் காவல் இருந்தோம் என்று நினைக்கையில் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அவள் ஒரு வரி மேலே வந்தாள். டிக்.

"இதை வாசி."

வேறு வழியில்லை. "தம்பியை மட்டும்..." குரல் உடைந்தது. "தம்பியை மட்டும் படகில் அனுப்பிவை."

ஒரு நொடிகூட யோசிக்காமல் அழுத்தினாள்.

படகு கரையை விட்டு விலகியது. அலைச்சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. இனி 'முற்றும்' என்று வரும் என்று அவன் திரையையே வெறித்தான். வரவில்லை. வீராங்கனை கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அடுத்த கட்டளைக்காக நின்றாள். குன்றின் மேல் அதுவரை மூடியிருந்த கதவொன்று கிறீச்சிட்டுத் திறந்தது.

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். இடதுபக்கம் ஏதோ புதுக் காலடி. அவள் முகத்தில் குறும்பு கூத்தாடியது.

"நாலு நாளா போன் வந்தா மொட்டைமாடிக்கு ஓடுறியே, பாதிப் பேச்சு கீழ வரைக்கும் கேக்குது," என்றாள், கட்டைவிரலை எடுக்காமலே. "அந்த வேலை எந்த ஊர்லடா?"