மீசையில் புகுந்த கடல்

துலூம் கோயில் இடிபாடுகளுக்குப் போகும் பாதையோரம் குனிந்து, நசாரியோ வெள்ளைச் சுண்ணாம்புத் தூசியை அள்ளித் தன் செருப்பில் தேய்த்தான். பேன்ட் முழங்காலிலும் கொஞ்சம் அப்பிக்கொண்டான். பகலெல்லாம் மாயா ராஜாக்களின் கதை சொல்லிக் கல்லுக்குக் கல் ஏறி இறங்கும் வழிகாட்டி, இப்படித்தானே வீடு திரும்ப வேண்டும்?

உண்மையில் மூன்று மாதமாக அவன் அந்தக் கற்களின் பக்கமே போகவில்லை. கோயில் நிற்கும் பாறைக்குக் கீழே, கடற்கரையிலிருந்து கிளம்பும் படகில் வேலை. மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு மிதக்கும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பவளப்பாறையையும் ஆமைகளையும் காட்டுவான்.

மாலையில் நல்ல தண்ணீரில் குளித்து, உப்பு வாசனை போக எலுமிச்சை தேய்த்துக்கொள்வான். அதற்காகக் கொல்லை மரத்தில் தினமும் இரண்டு காய் பறிப்பான். மரம் என்னவோ அதைவிட வேகமாகக் காலியாகிக்கொண்டிருந்தது. அணில் வேலை என்று நினைத்தான்.

இத்தனை வேஷத்துக்கும் காரணம் மாமியார் கந்தெலாரியா. கல் இறால் பிடிக்க மூழ்கிய அவள் புருஷன், ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் ஒரு காதைப் பறிகொடுத்தார். அதனால் கல்யாணத்தன்று மகள் கையையும் மருமகன் கையையும் சேர்த்துப் பிடித்து, "கடல்ல இறங்க மாட்டோம்னு சொல்லுங்க" என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கிவிட்டாள். மேலாக மிதப்பவனின் காதுக்கு ஒன்றும் ஆகாது, ஆழத்தில்தான் தண்ணீர் அழுத்தும் என்று நசாரியோவுக்குத் தெரியும். அதை மாமியாரிடம் என்ன, மனைவி நெய்தியிடம் சொல்லக்கூட அவனுக்குத் தைரியமில்லை.

இன்றைக்குச் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவன் மீசையிலிருந்து.

கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் நீர்க்கண்ணாடியின் ரப்பர் விளிம்பு, சுற்றிலும் தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். இடையில் நாலு முடி மாட்டினாலே அது வாய்க்கால் ஆகிவிடும். நசாரியோவுக்கு இருந்ததோ ஒரு காடு. வாஸ்லின் தடவி அடைக்கலாம் என்றால், பவளத்துக்கு ஆகாதென்று எல்லாப் பூச்சுக்கும் அங்கே தடை.

இன்று நாலு தடவை தலையைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டினான். நாலாவது தடவை குனிந்து எண்ணியபோது பன்னிரண்டு பேரில் ஒருவரைக் காணோம். நல்லவேளை, அவர் படகுக்கு அந்தப் பக்கம் மிதந்துகொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் படகுக்காரர் வில்பெர்த் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நாளைக்கு ஒண்ணு நீ வா, இல்ல உன் மீசை வரட்டும். ரெண்டு பேருக்கும் படகுல இடமில்ல."

"வீட்ல கேப்பாளேண்ணே. என்ன கட்டிக்கிட்டதே இந்த மீசையப் பாத்துத்தான்."

"கேட்டா பதில் சொல்லு. மீசை வாய்க்கு மேலதான இருக்கு, வாயில இல்லையே."

வழியெல்லாம் பதிலைத் தயார் செய்துகொண்டே வந்தான்.

நெய்தி அவனுக்கு முன்பே திரும்பியிருந்தாள். அடுத்த விரிகுடாவில் ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. தலைத்துணியை இறுக்கிக் கட்டச் சொல்வார்களாம். நெற்றியில் குறுக்கே வழக்கம்போல் சிவப்புக் கோடு. அதைப் பார்த்ததும், இவளிடமா பொய் சொல்லப் போகிறோம் என்று அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் சொன்னான்.

"மீசைய எடுத்துடலாம்னு பாக்கறேன்."

அவள் கல்லில் கிடந்த சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "ஏன், அது என்ன பண்ணுச்சு உன்ன?"

"புது உத்தரவு. இடிபாட்டுல வேல செய்யறவங்க மீசை வெக்கக் கூடாதாம்."

"கல்லுக்குக் கூசுதாமா?"

"மரியாதைக்கு நெய்தி. பழைய ராஜாக்களுக்கு மீசை கிடையாதுல்ல. சுவர்ல செதுக்கி வெச்சிருக்கறத நீயே பாத்திருக்கியே."

"பாத்திருக்கேன். இடுப்புல ஒரு துண்டுத் துணி, தலையில நீளமா இறகு. நாளைக்கு அப்படியேதான் கிளம்பறியா?"

நசாரியோ தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டான்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். அவன் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள்.

"முழுசா எடுக்க வேணாம். இங்க, மேல் பக்கம் அரை விரல் அகலத்துக்கு மட்டும் வழிச்சுட்டாப் போதும். ரப்பர் அங்கதான் உக்காரும்."

"எ... எந்த ரப்பர்?"

"இன்னிக்கு எத்தன தடவ தண்ணி புகுந்துச்சு?"

"நாலு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் திட்டவில்லை, அழவில்லை. உள்ளே போய்ச் சவரக்கத்தியும் சோப்பு நுரையும் கொண்டு வந்தாள். அதுதான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"உங்க அம்மாகிட்ட சொல்லிடாத" என்றான்.

"நான் எப்படிச் சொல்ல முடியும்?"

அந்தப் பதில் அவனுக்குப் பிடிபடவில்லை. "சரி, துணி துவைக்கற உனக்கு ரப்பர் எங்க உக்காரும்னு யார் சொன்னது?"

நெய்தி அவன் மூக்கை மெல்ல மேலே தூக்கிப் பிடித்துக் கத்தியை வைத்தாள்.

"ஆடாம இரு. எங்க படகுல வர்ற மீசைக்காரங்களுக்கெல்லாம் நான்தான் வழிச்சு விடறேன்."