பருந்துக்கு ஒரு பரீட்சை

பருந்து இருந்த பெரிய கூண்டுக்குள் அவளை மட்டும் விட்டுவிட்டு, சரணாலயக் காப்பாளர் கதவைச் சாத்தினார்.

"வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்கம்மா. கூச்சப்படாதீங்க."

அவள் இடுக்கியில் ஒரு கோழித் துண்டைப் பிடித்தாள். பல் டாக்டரிடம் நர்ஸ் வேலை அவளுக்கு. அங்கே ஏசி பெட்டி மேலிருந்து விழுந்த பருந்துக் குஞ்சை, பஞ்சு எடுக்கிற இடுக்கியால் ஊட்டித்தான் இந்த அளவுக்கு ஆளாக்கியிருந்தாள்.

மேம்பாலத்துக்கும் அடுக்குமாடிகளுக்கும் நடுவே ஒரு குளம், கொஞ்சம் மரங்கள். சரணாலயம் என்று பெயர்தான் பெரிது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாத்துகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் வளர்ந்த பறவையை வெளியே விடுவதற்கு முன், வளர்த்தவரையே வரவழைத்துக் கூப்பிடச் சொல்வார்கள். கைக்கு வந்து தின்றால் ஆயுளுக்கும் கூண்டுதான். மனிதரை நம்பும் பறவை வெளியே பிழைக்காதாம்.

பயந்து விலகினால், இன்றைக்கே கூரை திறக்கும்.

கணவர் கம்பிக்கு வெளியே நின்றார். மாதக்கணக்கில் குளியலறையைப் பருந்துக்கு விட்டுக்கொடுத்து, அவசர அவசரமாகக் குளித்துப் பழகிய மனிதர்.

"வாடா தங்கம்..."

ஒப்புக்குக் கூப்பிடவில்லை அவள். ஏமாற்றி ஜெயித்தால் அதன் உயிருக்குத்தான் ஆபத்து.

பருந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. கிளையில் ஓரடி அவள் பக்கம் நகர்ந்தது.

வராதே, வராதே என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே அவள் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

கை அசைந்ததுதான் தாமதம். வீலென்று கத்திக்கொண்டு கூண்டின் அந்தக் கோடிக்கே பறந்துவிட்டது. அங்கிருந்து மறுபடி எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

கூரை வலையை விலக்கினார்கள். பருந்து குளத்துக்கு மேல் ஒரு வட்டம் போட்டது, மேம்பாலத்தைத் தாண்டியது, போயே போய்விட்டது.

"நன்றி கெட்டது. ஊட்டி வளர்த்தவளையே சுத்தமா மறந்துடுச்சு பாரேன்" என்றார் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவள் ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள்.

அது மறக்கவில்லை. இங்கே கொண்டுவந்து விடுவதற்கு முன், அவர் வேலைக்குப் போயிருந்த மத்தியானங்களில், ஆசையாகத் தோளுக்கு வந்த அதை அவள் தட்டைத் தட்டி விரட்டினாள். துடைப்பத்தை ஓங்கினாள். அழுதுகொண்டேதான் ஓங்கினாள். அது திரும்பத் திரும்ப வந்தது. வர வர விரட்டினாள், அவளைக் கண்டாலே நடுங்குகிற வரைக்கும்.

காலையிலிருந்து அவளுக்கு இருந்த பயமெல்லாம், இங்கே இருந்த இத்தனை நாளில் அது மன்னித்துத் தொலைத்திருக்குமோ என்பதுதான்.