மலைக்குளிர்

“மலையில குளிர் எப்படிம்மா?” என்று போனில் கேட்டாள் மகள்.

கூடாரத்துக்குள் சம்மணமிட்டிருந்த அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “பல்லு தந்தியடிக்குதுடி. டாக்டர் சொன்ன மாதிரியே நல்ல காத்து, நல்ல தூக்கம்.”

“கடை வேலை எதையும் தொடலையே?”

“சத்தியமா இல்ல. குருவிச் சத்தம் மட்டும்தான். உனக்கும் கேக்குதா?”

மலையேறும் பித்தில் கூடாரம் தைத்து விற்கத் தொடங்கியவள் அவள். கடை பெருகப் பெருக மலைக்குப் போகும் நேரம் சுருங்கியது. போன மாதம் மாரடைப்பு வந்ததும், பத்து நாள் மலையில் ஓய்வெடுப்பதாக மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

கூடாரத்தின் ஜிப் திறந்தது. விற்பனைப் பெண் தலையை நீட்டினாள்.

“மேடம், இந்தக் கூடாரத்தைப் பாக்க கஸ்டமர் வந்திருக்காங்க. ஏசியையும் குருவிச் சத்தத்தையும் நிறுத்திடட்டுமா?”

அம்மா பதறிப்போய் போனைப் பொத்தினாள். பயனில்லை. விற்பனைப் பெண்ணுக்குப் பின்னால், காதில் போனும் தோளில் இரண்டு பைகளுமாக மகள் நின்றிருந்தாள்.

“பத்து நாளும் கடையை நாங்க பாத்துக்கறோம், அம்மாவைக் கூட்டிட்டுப் போங்கன்னு உன் ஆளுங்கதான் வரச் சொன்னாங்க,” என்றாள் மகள். அவள் குரலில் கோபமே இல்லை. “இதுல ரெண்டு பேர் படுக்கலாமா?”

“தாராளமா,” என்ற அம்மா, தானே குனிந்து கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கினாள்.