பூட்ஸ் சத்தம்

"சார், ஒரு நிமிஷம் நில்லுங்க."

கேமராக்காரர் கத்தினார். கத்தினார் என்றால் கிசுகிசுப்பாகத்தான். அந்தச் சதுப்பு நிலப் பறவைகள் சரணாலயத்தில் சண்டை போட்டாலும் காதும் காதும் வைத்த மாதிரிதான் போட வேண்டும்.

பூட்ஸ்காரர் நின்றார். அறுபதைத் தாண்டிய ஆள். காலில் கட்டட வேலைக்காரர்கள் போடுகிற கனத்த பூட்ஸ்.

"ஒரு வாரமா பார்க்கிறேன். தினமும் காலையில இந்தப் பலகைப் பாதையில தொம் தொம்னு மிதிச்சுக்கிட்டு வர்றீங்க. மீன்கொத்தி இப்பத்தான் வந்து உட்கார்ந்துச்சு. நீங்க வந்தீங்க, அது போயிடுச்சு."

"மன்னிச்சுக்குங்க சார்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. இன்னைக்கு இன்னும் ஓங்கி மிதிக்கிறீங்க. வீம்பா?"

"வீம்பெல்லாம் இல்லை சார். பின்னாடி..."

"பின்னாடி என்ன, முன்னாடி என்ன? மேடு இல்லை, பள்ளம் இல்லை, குழந்தைகூட நடக்கிற பாதை. இதுல நடக்கத் தெரியாதா உங்களுக்கு? சத்தம் போடறவங்களை உள்ளே விடக் கூடாதுன்னு போர்டே வெச்சிருக்காங்க. காவலாளியைக் கூப்பிடட்டுமா?"

உள்ளே விடக் கூடாது என்றதும் பூட்ஸ்காரரின் முகம் வெளுத்துவிட்டது. குனிந்து பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெறுங்காலோடு வந்த வழியே அவசரமாகத் திரும்பினார்.

"அப்படி வழிக்கு வாங்க" என்றார் கேமராக்காரர்.

நாலு எட்டு வைப்பதற்குள் பூட்ஸ்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

கோரைப் புல்லைத் தாண்டி, பாதை வளைகிற இடத்தில் ஓர் அம்மா வந்து நின்றிருந்தார். கையில் வெள்ளைக் கோல். பாதை முழுக்க இருந்த கைப்பிடிக் கம்பி அந்த வளைவில் மட்டும் கிடையாது. கால் தப்பினால் இடுப்பளவு சேறு.

அந்தம்மா தலையைச் சாய்த்து எதையோ கேட்கப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கேமராக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கேமராவிலேயே கண்ணை ஒட்டவைத்திருந்த மனுஷர், பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"உங்க வீட்டம்மாவா?"

"ஆமா சார். தபால்காரியா இருந்தவ. ஊர் பூரா நடந்தே சுத்தினவ. போன வருஷம் பார்வை போச்சு. கையைப் பிடிச்சா உதறிடுவா, தனியாத்தான் நடப்பேன்னு. வண்டி எதுவும் வராத பாதை எங்களுக்கு இது ஒண்ணுதான். சத்தத்தை வெச்சு வழி தெரிஞ்சுக்கட்டும்னு நான் முன்னாடி..."

கேமராக்காரர் பலகையில் ஓங்கி மிதிக்கக் காலைத் தூக்கினார்.

பூட்ஸ்காரர் அவர் கையைப் பிடித்தார். "இருங்க சார். கோலை வெச்சுட்டா. இப்பச் சத்தம் கேட்டா தடுமாறிடுவா."

கோல் இடது பக்கம் தட்டியது. அங்கே பலகை இல்லை. வலது பக்கம் தட்டியது. இருந்தது. அந்தம்மா உடம்பைத் திருப்பினார். ஒரு காலை வைத்தார். நின்றார். அடுத்த காலையும் வைத்தார்.

பூட்ஸ்காரர் மூச்சே விடவில்லை.

வளைவைத் தாண்டியதும் அந்தம்மாவின் நடையில் வேகம் வந்துவிட்டது.

"ஏங்க, எங்க நிக்கிறீங்க?"

"இங்கதான்."

குரல் வந்த பக்கம் கோல் நீண்டது. வெறுங்காலில் பட்டது. அந்தம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கழட்டிட்டீங்களா? எத்தனை நாளா கெஞ்சறேன், அந்தப் பூட்ஸை விட்டுத்தள்ளுங்க, நானே வந்துடுவேன்னு. இன்னைக்காவது என்னை நம்பணும்னு தோணுச்சே, அது போதும்."

பூட்ஸ்காரர் பேந்தப் பேந்த விழித்தார்.

"பக்கத்துல யாரு?"

"பறவையைப் படம் எடுக்கிறவர்."

"அடடா, இவர் போட்ட சத்தத்துல உங்க பறவையெல்லாம் பறந்திருக்குமே தம்பி. வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

கேமராக்காரர் பூட்ஸ்காரரைப் பார்த்தார்.

"சொல்லணும்னுதாம்மா வந்தேன். அதுக்குள்ள அவரே கழட்டிட்டார்."