டம்ளரின் தனிக் குளியல்

ஒரு ஓட்டலில் ஒரு காப்பி டம்ளர் இருந்தது. சுத்தம் என்றால் அதற்கு உயிர். சாம்பார் வாளிகளோடு சேர்ந்து குளிப்பதா? சீச்சீ!

"கூடை நிரம்பட்டும் டம்ளரே, எல்லாருக்கும் ஒரே தண்ணி போதும்," என்றது பாத்திரம் கழுவும் மிஷின்.

"என்னைத் தனியா குளிப்பாட்டுறியா, இல்ல கத்தட்டுமா?"

கத்தினால் ஊரே கூடிவிடும். மிஷின் முனகிக்கொண்டே குளிப்பாட்டியது. அன்று முழுக்க இதே கூத்துதான், ஒரு காப்பிக்கு ஒரு குளியல். அதன் ஜோடி டபரா மட்டும் தட்டுகளோடு கூடையில் காத்துக் கிடந்தது.

சாயங்காலம், டம்ளர் தலை நிறைய சோப்பு நுரையோடு நிற்கும்போது தண்ணித் தொட்டி காலி! மிஷின் கர்ரென்று நின்றுவிட்டது. அவசரத்தில் சர்வர் கவனிக்காமல் அந்த நுரையிலேயே காப்பியை ஊற்றிக் கொண்டுபோய் வைத்தார்.

"ஆஹா! காப்பின்னா நுரை இப்படி நிக்கணும்!" என்றார் வந்தவர். டம்ளருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, மேலும் பாராட்ட வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு குமிழி மிதந்து வந்தது.

திரும்பி வந்த டம்ளரிடம், "அடுத்ததும் தனிக் குளியல்தானா, அண்ணே?" என்றது டபரா.

டம்ளர் ஒன்றும் பேசாமல் சாம்பார் வாளியை இடித்துக்கொண்டு கூடைக்குள் உட்கார்ந்தது. பேசினால் அதற்கும் குமிழி வருமே!